'நெகட்டிவ்' என்றால் என்ன அர்த்தம்?
(யூரின் சைட்டாலஜியும் பாரிஸ் முறையும்)

இரண்டாம் ஆண்டு மாணவி, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பிரிவு



ஆண்டு மலரில் போய் சிறுநீரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். மெக்கானிக்கல் பிரிவு நண்பர்களுக்கு இன்ஜின் ஆயில் எப்படியோ, எங்கள் பிரிவுக்குச் சிறுநீர் அப்படி. ஓடின இன்ஜினிலிருந்து வடித்த ஆயிலில் உலோகத்தூள் தெரிந்தால், பிரித்துப் பார்க்காமலே உள்ளே தேய்மானம் இருக்கிறது என்று சொல்லி விடுகிறீர்கள் அல்லவா? அதே மாதிரி, சிறுநீரோடு உதிர்ந்து வரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சிறுநீர்ப்பையில் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடுகிற பரிசோதனைதான் யூரின் சைட்டாலஜி. கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. ஒரு பாட்டிலில் சிறுநீர் பிடித்துக் கொடுத்தால் போதும்.

ஆனால் செல்லைப் பார்ப்பது பாதி வேலைதான். பார்த்ததை ரிப்போர்ட்டில் எந்த வார்த்தையால் எழுதுகிறோம் என்பது மீதிப் பாதி. அந்த வார்த்தைகளுக்கு உலகம் முழுவதும் ஒரே அர்த்தம் இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் ஒரு முயற்சி தொடங்கியது. அது என்ன, அது நல்லபடியாக வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 6 லட்சத்து 14 ஆயிரம் பேருக்குப் புதிதாகச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தது. சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மதிப்பிட்டது. பெண்களைவிட ஆண்களுக்கே பல மடங்கு அதிகம். முக்கியக் காரணம் புகையிலை. புகையில் உள்ள விஷப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டிய பிறகு, சிறுநீரோடு மணிக்கணக்கில் பையில் தேங்கி நிற்கின்றன. உள்சுவர் அந்த விஷத்திலேயே ஊறுகிறது. தொழிற்சாலை இரசாயனங்களும் ஒரு காரணம். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இந்த நோய் வருவதை 1895லேயே எடுத்துச் சொன்னார்.

இந்த நோயின் முதல் அறிகுறி ஒரு ஏமாற்றுக்காரன். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போகும். இரண்டு நாளில் தானாக நின்றுவிடும். நம் ஊரில் என்ன சொல்வார்கள்? "உடம்பு சூடுப்பா, நாலு இளநீர் வெட்டிக் குடி, சரியாயிடும்." குடிப்பார்கள், நிற்கும். இளநீர்தான் நிறுத்தியது என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்த தடவை ரத்தம் வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும்.

சிறுநீர்ப்பைப் புற்றில் பெரும்பாலானவை உள்சுவர்ச் செல்களில் தொடங்குபவை. அதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று லோ கிரேடு. இது சாதுவான ரகம். வெட்டி எடுத்தாலும் திரும்பத் திரும்ப முளைக்கும். ஆனால் உயிரை எடுப்பது அபூர்வம். மற்றொன்று ஹை கிரேடு. இது சுவரைத் துளைத்துத் தசைக்குள் இறங்கி, உடம்பில் பரவக்கூடியது. நாம் தவறவிடக் கூடாதது இந்த இரண்டாவது ரகத்தைத்தான். இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

லேபில் என்ன நடக்கிறது?

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் இதற்கு ஏற்றதல்ல. ராத்திரி முழுக்க ஊறிக் கிடந்ததால் செல்கள் சிதைந்திருக்கும். அடுத்த தடவை போவதைப் பிடிப்பது நல்லது. லேபுக்கு வந்ததும் தாமதிக்கக் கூடாது. தாமதமானால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது பதப்படுத்தும் திரவம் சேர்க்க வேண்டும். பிறகு சென்ட்ரிபியூஜில் சுற்றி, அடியில் படிந்ததை ஸ்லைடில் பரப்பி, ஆல்கஹாலில் நிலைப்படுத்தி, பாப் ஸ்டெயின் போடுவோம். உட்கரு நீலமாகவும், அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் பச்சை, இளஞ்சிவப்பு என்றும் தெரியும்.

அந்த 'பாப்' என்பது ஒரு ஆளின் பெயரின் சுருக்கம். ஜார்ஜ் பாப்பனிகோலாவ் என்ற அறிஞர். கருப்பை வாய்ப் புற்றுக்கான பாப் டெஸ்ட் மூலம் உலகப் புகழ் பெற்றவர். அவரும் விக்டர் மார்ஷல் என்ற மருத்துவரும் சேர்ந்து, சிறுநீரில் வரும் செல்களைக் கொண்டு புற்றுநோயைக் கண்டறிவது பற்றி 1945ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே சிலர் சிறுநீரில் புற்றுச் செல்களைப் பார்த்ததாக எழுதியிருந்தாலும், முறையான பரிசோதனையாக இது வளர்ந்தது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான்.

வார்த்தையில் வந்த சிக்கல்

ஸ்லைடில் பளிச்சென்று புற்றுச் செல் தெரிந்தால் பிரச்னை இல்லை. ஒன்றுமே இல்லாவிட்டாலும் பிரச்னை இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தலைவலி. சிறுநீர்ப்பையில் கல் இருந்தால் செல்கள் உருமாறும். கிருமித் தொற்று இருந்தாலும் மாறும். டியூப் போட்டிருந்தால் செல்கள் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்து வரும். பாலியோமா என்றொரு வைரஸ் புகுந்த செல், அச்சு அசலாகப் புற்றுச் செல் மாதிரியே நின்று நம்மை ஏமாற்றும்.

இப்படிப்பட்ட செல்களைப் பார்த்ததும் பலரும் எழுதிய வார்த்தை 'அடிப்பிகல்'. வழக்கமான மாதிரி இல்லை என்று அர்த்தம். ஆனால் எவ்வளவு மாறினால் அடிப்பிகல்? அதற்குப் பொதுவான எல்லைக்கோடு கிடையாது. ஒரு லேபில் அபூர்வமாக எழுதுவார்கள். இன்னொரு லேபில் சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் அதிலே தள்ளிவிடுவார்கள். அளவே குறிக்காத டிராயிங்கைக் கையில் கொடுத்து, 'ஏறக்குறைய இந்த சைஸில் கடைந்து கொடு' என்று லேத் ஆபரேட்டரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

இதனால் யாருக்கு நஷ்டம்? எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான். அதனால் தெருவில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும், "படிக்கிற புள்ளதானே, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரும்மா" என்று கவரைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். காகிதம் முழுக்க இங்கிலீஷ். அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "இருக்கா, இல்லையா?" அடிப்பிகல் என்ற வார்த்தை இருக்கு என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. ஒரு குடும்பம் அதைக் கேட்டு ஒண்ணும் இல்லை என்று நிம்மதியாகிவிடும். இன்னொரு குடும்பம் எல்லாம் முடிந்தது என்று அழும். இரண்டும் தப்பு. எழுதினவர் என்ன நினைத்து எழுதினார் என்பது படிப்பவருக்குப் போய்ச் சேரவில்லை. நோயாளிக்கு மட்டுமல்ல, பல நேரம் சிகிச்சை தரும் டாக்டருக்கே போய்ச் சேராது.

பாரிஸ் முறை

கருப்பை வாய்ப் பரிசோதனையிலும் இதே குழப்பம் முன்பு இருந்தது. அமெரிக்காவில் பெத்தெஸ்டா என்ற ஊரில் 1988ல் கூடிப் பேசி, ஒரே மாதிரி எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு பெத்தெஸ்டா முறை என்று பெயர். அதே வழியில், 2013 மே மாதம் பாரிஸில் நடந்த சர்வதேச சைட்டாலஜி மாநாட்டில் சிறுநீருக்கும் ஒரு முறை வேண்டும் என்று வேலையைத் தொடங்கினார்கள். டோரதி ரோசென்தால், ஈவா வோயிச்சிக் ஆகியோர் முன்னின்றார்கள். 2016ல் நூல் வந்தது. 2022ல் இரண்டாம் பதிப்பு வந்தது.

அவர்கள் முதலில் எடுத்த முடிவு முக்கியமானது. யூரின் சைட்டாலஜியின் வேலை ஹை கிரேடு புற்றைப் பிடிப்பது என்று வரையறுத்தார்கள். ஏன்? லோ கிரேடு செல்கள் பார்ப்பதற்கு ஏறக்குறைய சாதாரணச் செல் மாதிரியே இருக்கும். அதைச் சிறுநீரில் கண்டுபிடிக்கப் போராடினதால்தான் அடிப்பிகல் என்ற தொட்டி நிரம்பி வழிந்தது. முடியாத வேலையை விட்டுவிட்டு, முடிகிற வேலையை ஒழுங்காகச் செய்வோம் என்றார்கள்.

முறையின் பிரிவுகள் இவை:

1. மாதிரி போதாது. (தானாகக் கழித்த சிறுநீர் குறைந்தது 30 மில்லியாவது இருப்பது நல்லது என்று முதல் பதிப்பு சொன்னது.)

2. ஹை கிரேடு புற்றுக்கு நெகட்டிவ். கல், தொற்று, வைரஸ் இவற்றால் மாறிய செல்களும் இதில்தான் சேரும்.

3. அடிப்பிகல்.

4. ஹை கிரேடு புற்று என்று சந்தேகம்.

5. ஹை கிரேடு புற்று உண்டு.

6. வேறு வகைப் புற்று.

2016ல் லோ கிரேடுக்குத் தனிப் பிரிவு ஒன்றும் இருந்தது. 2022ல் அதையும் நெகட்டிவுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

அடிப்பிகலுக்கு இப்போது வேலி போட்டாயிற்று. சிதையாத செல்லில் உட்கரு, செல்லின் பாதிக்கு மேல் இடத்தை அடைத்திருக்க வேண்டும். இது கட்டாயம். அதோடு, உட்கரு அடர்ந்த நிறம், உட்கருவின் ஓரம் கோணல்மாணல், உள்ளே குரோமாட்டின் கட்டி கட்டியாக இருப்பது ஆகிய மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஹை கிரேடு என்று உறுதியாக எழுத, உட்கரு 70 சதவீதம் அல்லது அதற்கு மேல் அடைத்து, நிறமும் வடிவமும் கெட்டுப்போன செல்கள் குறைந்தது 5 முதல் 10 வரை வேண்டும். லட்சணம் எல்லாம் இருந்து எண்ணிக்கை போதாவிட்டால் 'சந்தேகம்'. புரொடக்‌ஷன் லைனில் 'கோ – நோ கோ' கேஜ் வைத்துப் பார்ப்பது போலத்தான்.

நம் கண் வெர்னியர் அல்ல

வேலி போட்டது சரி, அளப்பது யார்? நம் கண்தான். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். செல் 20 மைக்ரான் விட்டமுள்ள வட்டம் என்று வைத்துக்கொள்வோம். உட்கரு பாதிப் பரப்பை அடைக்க எவ்வளவு விட்டம் வேண்டும்? 10 மைக்ரான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். தவறு! பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.5க்கு வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.71. ஆக 14 மைக்ரான் வேண்டும். 70 சதவீதம் அடைக்க சுமார் 16.7 மைக்ரான். அதாவது, அடிப்பிகல் தொடங்கும் எல்லைக்கும் ஹை கிரேடு எல்லைக்கும் நடுவே இருப்பது 3 மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை. வெறும் கண்ணால் மதிப்பிடும்போது ஆளுக்கு ஆள் மாறுவதில் ஆச்சரியம் இல்லை. கம்ப்யூட்டர் மூலம் படத்தை அளந்து ஒப்பிட்ட ஆய்வுகளும் இதைக் காட்டியிருக்கின்றன. எனவே நல்ல அளவுகோல் மட்டும் போதாது. அதைப் பிடிக்கிற கைக்குப் பயிற்சியும் வேண்டும்.

எடை போடுவது எப்படி?

புது முறை நல்லதா என்று சோதிக்க, ஆய்வாளர்கள் பெரும்பாலும் பழைய ஸ்லைடுகளை எடுப்பார்கள். பழைய ரிப்போர்ட்டையும், அந்த நோயாளிக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் மறைத்துவிட்டு, பாரிஸ் முறையில் மறுபடி படிப்பார்கள். பிறகு பயாப்ஸி முடிவோடு ஒப்பிடுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. சிறுநீரில் ரத்தம் என்று வந்த 200 பேர். பயாப்ஸியில் 50 பேருக்கு ஹை கிரேடு புற்று, 150 பேருக்கு இல்லை. சைட்டாலஜி அந்த 50ல் 40 பேரைப் பிடித்தது. கண்டுபிடிக்கும் திறன் 80 சதவீதம். இல்லாத 150ல் 144 பேரைச் சரியாக விட்டது. 6 பேரைத் தவறாகப் பிடித்தது. விலக்கும் திறன் 96 சதவீதம். பாசிட்டிவ் என்று வந்த 46 பேரில் 40 பேருக்கு உண்மையிலேயே நோய், அதாவது சுமார் 87 சதவீதம்.

இப்போது ஒரு கேள்வி. அடிப்பிகலை எந்தப் பக்கம் சேர்ப்பது? தவறவிட்ட 10 பேரில் 5 பேருக்கும், நோயில்லாத 144 பேரில் 24 பேருக்கும் அடிப்பிகல் என்று வந்திருந்தால்? அதையும் பாசிட்டிவாக எண்ணினால் கண்டுபிடிக்கும் திறன் 90 சதவீதமாக ஏறும்; விலக்கும் திறன் 80 சதவீதமாக இறங்கும். ஸ்லைடு ஒன்றுதான், செல் ஒன்றுதான், கணக்கு மட்டும் மாறிவிட்டது! ஆகவே எந்த ஆய்வின் சதவீதத்தைப் படித்தாலும், அடிப்பிகலை எங்கே வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி: யாரை எண்ணினார்கள்? நெகட்டிவ் வந்தவர்கள் பலருக்கு பயாப்ஸி எடுக்கவே மாட்டார்கள். பயாப்ஸி உள்ளவர்களை மட்டும் கணக்கில் சேர்த்தால், படம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

மூன்றாவது: எந்தக் கூட்டத்தில் சோதித்தார்கள்? அதே 80, 96 சதவீதத் திறனோடு, அறிகுறியே இல்லாத 10,000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் 10 பேருக்குத்தான் நோய் என்று வைப்போம். 8 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத சுமார் 400 பேரும் கூடவே பிடிபடுவார்கள். பாசிட்டிவ் வந்த நூறு பேரில் இரண்டு பேருக்குத்தான் உண்மையில் நோய். மீதிப் பேருக்கு வீண் பயம், வீண் செலவு. அதனால்தான் இதை ஊருக்கெல்லாம் முகாம் போட்டுச் செய்வதில்லை. ரத்தம் போனவர்கள், ஏற்கெனவே நோய் வந்து சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கே செய்கிறார்கள்.

இரண்டு பேர் ஒத்துப்போனால் போதுமா?

ஒரே ஸ்லைடை இரண்டு பேர் தனித்தனியே படித்து ஒரே முடிவு சொல்கிறார்களா என்பது இன்னொரு சோதனை. இதிலும் ஒரு பொடி இருக்கிறது. ஒருவர் ஸ்லைடைப் பார்க்காமலே, குத்துமதிப்பாக 100ல் 90க்கு நெகட்டிவ் என்று முத்திரை குத்துகிறார். இன்னொருவரும் அப்படியே செய்கிறார். தற்செயலாகவே இருவரும் 82 ஸ்லைடுகளில் ஒத்துப்போவார்கள்! (0.9 × 0.9 = 0.81, 0.1 × 0.1 = 0.01, கூட்டினால் 0.82.) ஆகவே 82 சதவீத ஒற்றுமை என்று கேட்டதும் கைதட்டிவிடக் கூடாது. இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுச் சொல்லும் எண்ணுக்கு 'காப்பா' என்று பெயர். தற்செயல் அளவுக்கு மட்டும் ஒத்துப்போனால் காப்பா பூஜ்யம். முழு ஒற்றுமை என்றால் 1.

பாரிஸ் முறைக்குப் பிறகு நடந்த ஆய்வுகளில், பல லேபுகளில் அடிப்பிகல் ரிப்போர்ட்டுகள் குறைந்தன. ஹை கிரேடைப் பிடிக்கும் திறன் குறையவில்லை. எல்லா இடத்திலும் அப்படியே நடந்தது என்று சொல்ல முடியாது. சில இடங்களில் அடிப்பிகல் கூடவும் செய்தது. நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற இரண்டு ஓரங்களிலும் ஓரளவு நன்றாக ஒத்துப்போகிறவர்கள், அடிப்பிகல் என்ற நடுவில்தான் இன்னும் தடுமாறுகிறார்கள். வேலி போட்டாயிற்று, ஆனால் வேலி ஓரத்துப் புல்லை யார் மேய்வது என்ற சண்டை ஓயவில்லை!

ரிப்போர்ட் கையில் வந்தால்

ஒவ்வொரு பிரிவுக்கும் ஹை கிரேடு புற்று இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று 2016ஆம் ஆண்டு நூலில் ஒரு மதிப்பீடு தந்தார்கள். நெகட்டிவ்: 0 முதல் 10 சதவீதம். அடிப்பிகல்: 8 முதல் 35. சந்தேகம்: 50 முதல் 90. ஹை கிரேடு: 90க்கு மேல். இது வந்த பிறகு வார்த்தைக்கு ஒரு எடை கிடைத்தது. அடிப்பிகல் என்றால் மரண ஓலை அல்ல; ஆனால் டிராயரில் போட்டு மறந்துவிடும் காகிதமும் அல்ல. டாக்டர் சொல்கிறபடி மறுபடி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நண்பர்களே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். 'நெகட்டிவ்' என்ற வார்த்தையை மட்டும் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைக்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் 'ஹை கிரேடு புற்றுக்கு' என்று எழுதியிருக்கும். சிறுநீர்ப்பையில் கட்டியே இல்லை என்று அந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. லோ கிரேடு கட்டி இருந்தாலும் நெகட்டிவ்தான் வரும். ஹை கிரேடாக இருந்தாலும், அன்றைக்கு அந்தப் பாட்டிலில் செல் உதிராமல் போயிருக்கலாம். அதனால் வயதானவர்களுக்கு, முக்கியமாகப் புகைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரில் ரத்தம் போயிருந்தால், சைட்டாலஜி நெகட்டிவ் என்பதை வைத்துக்கொண்டு சிஸ்டோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது. சிறு கேமராக் குழாயைப் பைக்குள் விட்டு நேராகவே பார்க்கும் பரிசோதனை அது.

அப்படியானால் சைட்டாலஜி எதற்கு என்று கேட்பீர்கள். அதிலும் நியாயம் உண்டு. ஹை கிரேடில் ஒரு ரகம், கட்டியாக எழும்பாமல் சுவரோடு சுவராகத் தட்டையாகப் படரும். கேமராவில் வெறும் சிவப்புத் திட்டாகத் தெரியலாம். சில சமயம் தெரியாமலே போகலாம். ஆனால் அதன் செல்கள் சிறுநீரில் தாராளமாக உதிரும். கேமரா தவறவிடுவதைச் சைட்டாலஜி பிடிக்கும்; சைட்டாலஜி தவறவிடும் லோ கிரேடு கட்டியைக் கேமரா பிடிக்கும். இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்தால்தான் வீட்டுக்குக் காவல்.

நம்மில் பலரும் நாளைக்கு ஏதோ ஒரு இடத்தில் ரிப்போர்ட் எழுதப் போகிறவர்கள்தான். சிவில் நண்பர் கான்கிரீட் கியூபின் பலத்தை எழுதுவார். எலெக்ட்ரிக்கல் நண்பர் எர்த் ரெசிஸ்டன்ஸ் எழுதுவார். நான் ஸ்லைடு தயார் செய்து டாக்டர் மேஜையில் வைப்பேன். பாட்டிலில் நேரம் குறிக்காமல் விட்டால், ஊறிப்போன சாம்பிளைச் சும்மா ஏற்றிக்கொண்டால், பாரிஸில் போட்ட வேலிக்கு இங்கே பலன் இல்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது "வலியெல்லாம் இல்லப்பா, கொஞ்சம் சிவப்பாப் போச்சு, நின்னுடுச்சு" என்று சொன்னால், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இளநீரைத் திரும்பி வரும்போது குடித்துக்கொள்ளலாம்.